குண்டும் வதந்தியும்

போர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன படைகளும் போர்க்களங்களுமே ஆகும். ஆயினும் போரின் வரலாறு களத்தோடு முடிந்துவிடுவதில்லை. களத்திற்கு ஆயிரக்கணக்கான கல் தொலைவில் கரையில் வலையை உலர்த்தும் மீனவரின் வாழ்விலும், கடை திறந்து காத்திருக்கும் வணிகரின் வாழ்விலும் அது எதிர்பாராத வகையில் வந்து புகுந்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த உலகப் போர்கள் இரண்டும், சென்னைத் துறைமுகத்தையும் அதற்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீண்டு செல்லும் கடற்கரையையும் அவ்வாறே வந்து தொட்டன. முதற்போரில் பகைவரின் கப்பல் உண்மையாகவே வந்து குண்டு வீசிற்று. இரண்டாம் போரிலோ, பகைவர் வருகின்றனர் என்ற செய்தியே நகரத்தைக் காலியாக்கிற்று. இவ்விரண்டனுள் மிகுதியான தீங்கு விளைத்தது எது? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு முன், நடந்தவற்றை முறையாக அறிந்துகொள்வோம்.

சென்னைக்கு இயற்கையாக அமைந்த துறைமுகம் கிடையாது. முற்காலத்தில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பலகைகளைக் கயிற்றினால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள், உருண்டு வரும் அலைகளைக் கடந்து சென்று, ஆட்களையும் பண்டங்களையும் கரைக்குக் கொண்டுவரும். 1875ஆம் ஆண்டில் செயற்கைத் துறைமுகம் ஒன்றை அமைக்கும் வேலை தொடங்கிற்று. 1881ஆம் ஆண்டில் வீசிய பெரும்புயல் அம்முயற்சியைச் சிதைத்தது. எனினும் வேலை கைவிடப்படவில்லை. 1904ஆம் ஆண்டில் துறைமுகப் பொறுப்பை ஏற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியியல் வல்லுநர், கிழக்கு நோக்கியிருந்த வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார். அதன் பின்னரே கப்பல்கள் அச்சமின்றி உள்ளே வந்து தங்கலாயின.

அக்காலத்தில் வீடுகளில் விளக்கெரிக்க மண்ணெண்ணெயே பெரிதும் பயன்பட்டது. பர்மாவில் எடுக்கப்பட்ட எண்ணெய், இரங்கூனிலிருந்து கப்பல்களில் சென்னைக்கு வந்தது. அதனைச் சேமித்து வைப்பதற்காக, பர்மா ஆயில் கம்பெனியார் துறைமுகத்தை ஒட்டிப் பெரிய தொட்டிகளைக் கட்டியிருந்தனர். கடலிலிருந்து நோக்குவோர்க்கு இத்தொட்டிகள் தெளிவாகத் தெரியும். வணிகர்க்குச் செல்வமாக விளங்கிய இவையே, பகைவர்க்கு எளிய இலக்காகவும் அமைந்தன.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. அப்பொழுது ஜெர்மனிக்குச் சொந்தமான போர்க்கப்பல்கள் சில, சீனக் கடற்கரையிலுள்ள சிங்தௌ துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று ‘எம்டன்’. எம்டன் என்பது ஜெர்மனியிலுள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர். மிகப் பெரிய கப்பல் என்று அதனைக் கூற இயலாது. அது விரைந்து செல்லத்தக்க, பத்துப் பீரங்கிகள் தாங்கிய நடுத்தரக் கப்பலே ஆகும். அதன் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர் என்பவர். ஜெர்மானியக் கப்பற்படையின் பெரும்பகுதி பசிபிக் கடலைக் கடந்து தென் அமெரிக்காவை நோக்கிச் சென்றபோது, எம்டன் மட்டும் தனித்துப் பிரிந்து, நிலக்கரி சுமந்த துணைக்கப்பல் ஒன்றுடன் இந்தியப் பெருங்கடலை நோக்கித் திரும்பிற்று.

ஒரு கப்பல் தனியாகப் பகைவரின் கடலில் உலவுவது எளிய செயலன்று. நிலக்கரி தீர்ந்தால் பெற்றுக்கொள்ள அதற்குத் துறைமுகம் இல்லை. பழுது நேர்ந்தால் சீர்செய்ய இடமும் இல்லை. ஆகவே முல்லர் சூழ்ச்சியை நம்பினார். எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. மாலுமிகள் துணியினால் நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொய்யாகச் செய்து நிறுத்தினர். தொலைவிலிருந்து கண்டோர், நான்கு புகைபோக்கிகளையுடைய ஆங்கிலக் கப்பல் என்றே அதனைக் கருதினர்.

செப்டம்பர் 10ஆம் நாள் முதல் வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. எம்டனிடம் முதலில் சிக்கிய ஆங்கிலக் கப்பல் ‘இண்டஸ்’. அதில் சோப்பு மிகுதியாக இருந்தது. பல நாளாகச் சோப்பின்றித் துன்புற்றிருந்த மாலுமிகளுக்கு அது பெருமகிழ்ச்சி தந்ததாம். தேவையான பண்டங்களை எடுத்துக்கொண்டபின் கப்பல்களை மூழ்கடிப்பது அவர்கள் வழக்கம். ஆனால் அவற்றிலிருந்த மக்களைத் துன்புறுத்தவில்லை. அனைவரையும் ஒரு கப்பலில் ஏற்றிப் பாதுகாப்பாக அனுப்பிவிட்டனர். பகைவராகிய ஆங்கிலேயரின் செய்தித்தாள்களும் முல்லரின் இப்பண்பைப் பாராட்டி எழுதின.

சில நாட்களுக்குள் இச்செய்தி கல்கத்தாவை எட்டிற்று. கப்பல்கள் துறைமுகங்களைவிட்டுக் கிளம்பத் தயங்கின. சரக்குகளுக்குரிய காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்தது. ஒரே ஒரு கப்பல், ஒரு கடலின் வாணிகம் முழுவதையும் தடுமாறச் செய்துவிட்டது. இந்நிலையில் முல்லர் சென்னையின்மீது கண் வைத்தார். எண்ணெயை எரிப்பது மட்டும் அவர் நோக்கமன்று. ஆங்கிலேயரின் வாணிகத்தைக் கலங்கச் செய்வதும், இந்திய மக்களிடையே அவர்களுக்கிருந்த மதிப்பைக் குறைப்பதுமே அவர் கருதிய பெரும்பயன்கள். சுருங்கச் சொன்னால், அவர் எய்த அம்பின் இலக்கு எண்ணெய்த் தொட்டி. அதன் கூர்முனை அச்சம்.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. இரவு ஒன்பது மணி கடந்துவிட்டது. போர் நெடுந்தொலைவில் நடப்பது என்ற எண்ணத்தில் நகரம் அமைதியாக இருந்தது. தெருவிளக்குகள் வழக்கம்போல் எரிந்தன. அந்நாளில் சென்னையின் கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. வழிதவறும் கப்பல்களுக்கு வழிகாட்டுவதற்காக ஏற்றப்பட்ட அவ்விளக்கு, அன்றிரவு பகைவர்க்கும் வழிகாட்டிற்று.

எம்டன் விளக்குகளை அணைத்துக்கொண்டு மெல்லக் கரையை நெருங்கியது. ஏறத்தாழ மூவாயிரம் கஜ தொலைவில் நின்று, தன் ஒளிவீச்சு விளக்கை எண்ணெய்த் தொட்டிகளின்மேல் திருப்பியது. பீரங்கிகள் முழங்கின. அரைமணி நேரத்திற்குள் 120க்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் இரண்டு தீப்பற்றி எரிந்தன. செந்தழல் வானை அளாவிற்று. கடல்நீர் சிவந்து தோன்றிற்று. துறைமுகத்துள் நின்ற ‘சுப்ரா’ என்னும் வணிகக் கப்பலிலும் குண்டுகள் பாய்ந்தன. குண்டொன்று உயர்நீதிமன்றத்தின் மதிலைச் சிதைத்தது. கரையிலிருந்த பீரங்கிகளும் மறுமொழி கூறின. எனினும் அவற்றின் குண்டு ஒன்றேனும் எம்டன்மேல் படவில்லை. வந்த வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, அக்கப்பல் இருளில் மறைந்தது.

குறைந்தது ஐவர் உயிரிழந்தனர், பலர் புண்பட்டனர். ஓர் உயிரேயாயினும் இழப்பு இழப்பே. எனினும் நகரத்தின் பெருமைக்கும் பரப்பிற்கும் ஒப்ப நோக்கின், நேர்ந்த சேதம் சிறிதே. துறைமுகம் அழியவில்லை, கோட்டை வீழவில்லை, மக்கள் வாழும் தெருக்கள் பெரும்பாலும் தப்பின.

ஆனால் மறுநாள் விடிந்தபொழுது வேறொரு போர் தொடங்கிற்று. எம்டன் மீண்டும் வரும் என்றனர் சிலர். படைகள் கரையிறங்கப் போகின்றன என்றனர் வேறு சிலர். கேட்டவர், கேட்டதனினும் சற்றுக் கூட்டியே பிறர்க்குக் கூறினர். மூட்டை முடிச்சுகளுடன் மக்கள் இரயில் நிலையங்களை நோக்கி விரைந்தனர். வண்டிகளில் இடம் கிடைக்காதோர் கால்நடையாகவே வெளியூர்களுக்குப் புறப்பட்டனர். அரைமணி நேரத்தில் நின்றுபோன குண்டுமழையைவிட, நாட்கணக்கில் நீடித்த இந்தக் கலக்கமே நகர வாழ்வை மிகுதியாகக் குலைத்தது. முல்லர் எதிர்பார்த்ததும் இதுவேயன்றோ?

எம்டன் சென்னைக்குத் திரும்பி வரவில்லை. அது இலங்கையைச் சுற்றிச் சென்று மேலும் பல கப்பல்களைப் பிடித்தது. அக்டோபரில் அது பழுது பார்ப்பதற்காகத் தியாகோ கார்சியா என்னும் சிறு தீவில் தங்கியபோது நிகழ்ந்தது வியப்பிற்குரியது. உலகப் போர் மூண்ட செய்தியே அத்தீவினர்க்கு அப்பொழுது எட்டியிருக்கவில்லை. பகைவர் என்று அறியாமல் அவர்கள் ஜெர்மானியரை விருந்தினராகவே வரவேற்றனர். மாலுமிகளும் அங்கிருந்த இயந்திரப் படகு ஒன்றைச் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டுச் சென்றனர். செய்தி அறியாத தீவில் அமைதி நிலவியது. செய்தி திரிந்து பரவிய நகரத்தில் அச்சம் நிலவியது.

1914 நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளுக்கு அருகில், ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ என்னும் போர்க்கப்பல் எம்டனை எதிர்த்து வென்றது. எம்டனின் மாலுமிகளுள் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முல்லர் சிறைப்பட்டார். அவருடைய வீரத்தையும் நேர்மையையும் மதித்த ஆங்கிலேயர், அவரும் அவருடைய அலுவலரும் தம் வாட்களைத் தாமே வைத்துக்கொள்ள இசைந்தனர்.

கப்பல் அழிந்தது, பெயர் அழியவில்லை. துணிவும் சூழ்ச்சியும் மிக்கவனை ‘அவன் சரியான எம்டன்’ என்று தமிழ்நாட்டில் கூறும் வழக்கு உண்டாயிற்று. கதைகளும் எழுந்தன. அவற்றுள் ஒன்று, இந்திய விடுதலைக்கு அயல்நாட்டில் உழைத்த செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்து சென்னையைத் தாக்கச் செய்தார் என்பது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் அவர் 1914 செப்டம்பரில் ஐரோப்பாவில், சூரிச் நகரத்தில், இந்தியாவிற்கு ஆதரவு தேடும் குழு ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தார். அதே திங்களில் எம்டனோ வங்கக் கடலில் உலவியது. ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் இருத்தல் இயலாது. நாளையும் இடத்தையும் ஒப்பிட்டு நோக்கினால், பல கதைகள் தாமே கலைந்துவிடும். செண்பகராமன் பிள்ளையின் பெருமைக்கு இக்கதை தேவையும் இல்லை.

இனி, இருபத்தெட்டு ஆண்டுகள் கடந்து வருவோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மின்னல் வேகத்தில் முன்னேறிற்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சுத் திங்களில் இரங்கூனும் அந்தமான் தீவுகளும் வீழ்ந்தன. மலேயாவிலும் பர்மாவிலும் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்தமையால், ஒவ்வொரு தோல்வியும் தமிழ்நாட்டு வீடுகளில் துயரமாக வந்து விழுந்தது. பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து திரும்பியோர், தாம் கண்ட கொடுமைகளைக் கண்ணீருடன் கூறினர்.

ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. வங்கக் கடலில் அந்நாட்களில் மூழ்கடிக்கப்பட்ட வணிகக் கப்பல்கள் இருபதுக்கும் மேற்பட்டவை. வடக்கே விசாகப்பட்டினம், தெற்கே கொழும்பு. இரண்டிற்கும் இடையில் இருப்பது சென்னை. அடுத்த அடி எங்கு விழும் என்று மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. அபாயச் சங்குகள் ஒலித்தன. சன்னல்களுக்குக் கருந்தாள் ஒட்டப்பட்டது. திறந்த வெளிகளில் பதுங்குகுழிகள் தோண்டப்பட்டன.

இந்நிலையில், ஜப்பானியக் கப்பற்படை தென்னிந்தியாவை நோக்கி வருகிறது என்னும் தகவல் சென்னை அரசாங்கத்திற்குக் கிடைத்தது. அப்பொழுது ஆளுநராக இருந்தவர் சர் ஆர்தர் ஹோப். அத்தகவலை மெய்யென நம்பிய அரசாங்கம், நகரத்தில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லாதோர் வெளியேறலாம் என்று அறிவித்தது. அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குச் சென்றது. ஆள்வோரே புறப்படுவதைக் கண்டபின் மக்கள் எங்ஙனம் தங்குவர்? இலட்சக்கணக்கானோர் வெளியேறினர். இரயில்களில் காலூன்ற இடமில்லை. மாட்டு வண்டிகள் சாலைகளை அடைத்தன. அடைத்த கடைகளும் பூட்டிய வீடுகளுமாக நகரம் வெறிச்சோடிற்று. வெளியூர்களில் வீட்டு வாடகை ஏறிற்று. செல்வர் தம் பொருளைக் காத்துக்கொண்டனர். அன்றாடக் கூலியை நம்பி வாழ்ந்தோர், போகவும் வழியின்றி, இருக்கவும் வேலையின்றித் தவித்தனர்.

இக்கலக்கத்திற்கு வாய் பேசாத உயிர்களும் இரையாயின. சென்னையின் உயிர்க்காட்சிச்சாலை அந்நாளில் சென்ட்ரல் நிலையத்தை அடுத்த மக்கள் பூங்காவில் இருந்தது. 1855ஆம் ஆண்டில் தோன்றிய அதனைக் காணச் சிறுவர் கூட்டம் கூட்டமாக வருவர். குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால், கொடிய விலங்குகள் தெருக்களில் புகுந்துவிடுமே என்று அதிகாரிகள் அஞ்சினர். அதனால் போலீஸ் படையினர் வரவழைக்கப்பட்டனர். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி முதலிய விலங்குகள் கூண்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டன. பகைவரின் குண்டு ஒன்றும் விழாத நகரத்தில், வெடித்த துப்பாக்கிகள் இவையே.

உண்மை யாது? திருகோணமலையைத் தாக்கியபின் ஜப்பானியக் கப்பற்படை கிழக்கு நோக்கித் திரும்பிவிட்டது. அதன் விமானந்தாங்கிக் கப்பல்களுக்குப் பசிபிக் கடலில் வேறு வேலை காத்திருந்தது. சென்னையின்மீது படையிறக்கும் நோக்கத்துடன் எந்தக் கப்பலும் வந்துகொண்டிருக்கவில்லை. சென்னை மக்கள் மேற்கு நோக்கி ஓடிய நாட்களில், அவர்கள் அஞ்சிய படை கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது! வாரங்கள் சென்றன, ஒன்றும் நிகழவில்லை. போனவர் சிறிது சிறிதாகத் திரும்பினர். அலுவலகங்களும் திரும்பின. கூண்டுகளில் இருந்த விலங்குகள் மட்டும் திரும்பவில்லை.

இவ்வரலாற்றில் இன்னும் ஒரு விந்தை உண்டு. 1943ஆம் ஆண்டு அக்டோபரில் ஓரிரவு, ஜப்பானிய விமானம் ஒன்று உண்மையாகவே சென்னைக்கு வந்தது. துறைமுகப் பகுதியில் சில குண்டுகளை வீசிச் சென்றது. சேதம் சிறிதே. முன்னாண்டில் வாராத பகைக்கு அஞ்சி ஓடிய நகரம், வந்த பகைக்கு அவ்வாறு கலைந்து ஓடவில்லை. அதற்குள் மக்கள் பழகியிருந்தனர். விளக்கை மறைப்பதும், சங்கொலி கேட்டால் பதுங்குவதும், தீயை மணலால் அவிப்பதும் கற்றிருந்தனர். செய்யவேண்டியது இன்னது என்று அறிந்தோர்க்கு அச்சம் பாதி குறைந்துவிடுகிறது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம். 1914இல் குண்டுகள் அரைமணி நேரம் விழுந்தன. 1942இல் ஒரு குண்டும் விழவில்லை. ஆயினும் மிகுதியான குடும்பங்களைச் சிதறடித்தது 1942ஆம் ஆண்டே. இதனால், அஞ்சுதல் தவறு என்று கொள்ளுதல் கூடாது. கொழும்பில் குண்டு விழுந்தது மெய். அஞ்சவேண்டியதற்கு அஞ்சி முன்னேற்பாடு செய்தல் அறிவுடைமையே. ஆராயாமல் நம்பியதும், நம்பியதை அவ்வாறே பரப்பியதுமே தவறு. அத்தவற்றை மக்கள் மட்டும் செய்யவில்லை, அரசாங்கமும் செய்தது. உயர்ந்த பதவியிலிருப்போர் கூறினும், ‘இதனை நேரில் கண்டவர் யார்? எப்பொழுது கண்டார்? வேறு சான்று உண்டா?’ என்று வினவுதல் வேண்டும்.

இவ்வறிவு போர்க்காலத்திற்கு மட்டும் உரியதன்று. இன்று வடசென்னையில், 1914இல் இருந்தவற்றினும் பன்மடங்கு பெரிய எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன. மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கி வருகிறது. எண்ணூரில் 2001ஆம் ஆண்டில் மற்றொரு துறைமுகம் தொடங்கப்பெற்றது. ஆலைகளுக்கும் கடலுக்கும் இடையே மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். புயலோ, தீயோ, நச்சுப்புகையோ நேரும்போது அவர்களைக் காப்பவை இரண்டு: உண்மையை மறைக்காமல் உரிய காலத்தில் கூறும் ஆட்சி, அதனை ஆராய்ந்து அறிந்து நடக்கும் மக்கள். இவற்றுள் ஒன்று குறையினும் அந்த இடத்தில் வதந்தி வந்து குடியேறும்.

உயர்நீதிமன்றத்தின் மதிலில், எம்டனின் குண்டு பட்ட இடத்தைக் காட்டும் நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. அவ்வழியே செல்வோர் அதனைக் காணலாம். 1942ஆம் ஆண்டின் வதந்தி பட்ட இடத்தைக் காட்ட அத்தகைய கல் இல்லை. அது மக்களின் மனத்தில் பட்டது. ஆகவே, அதனை நினைவில் வைத்துக் காக்கும் பொறுப்பு கற்கும் நம்மையே சாரும்.